ஒரே ஆளுக்கு மூன்று கையெழுத்து

மார்ச் 3

மகனுக்கு,

இதை நான்தான் எழுதுகிறேன். யாரும் எழுதித் தரவில்லை. அக்கா தூங்குகிறாள். அவள் மகள் வேலைக்குப் போயிருக்கிறாள். காலையில் காப்பி குடித்துவிட்டு ஆரம்பித்தேன், இப்போது வெயில் ஜன்னலை விட்டு இறங்கிவிட்டது.

உன் தகப்பனுக்கு எழுதத் தெரியும். எட்டு மாதமாகத் தெரியும். சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேனே, அது நூலகத்து மாடியில் பெரியவர்களுக்கு நடக்கிற வகுப்புக்கு. முடிந்த பிறகு வீடு வரை நடந்துதான் வந்தேன். அதனால் பாதிதான் பொய்.

அக்காவுக்குக் காது போய்விட்டது உனக்குத் தெரியும். தொலைபேசியில் நான் தொண்டை கிழியக் கத்துவேன், அவள் "யாரு, யாரு" என்று நாலு தடவை கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். எழுதினால் படிப்பாள். அதற்காகத்தான் படித்தேன். இங்கே வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரு நோட்டில் எழுதித்தான் பேசிக்கொள்கிறோம். ஒரு நோட்டு முடிந்துவிட்டது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா. அதை நீ கெடுத்தாய்.

சனிக்கிழமை அக்கா மகள் எங்களைக் காது மிஷின் கடைக்கு அழைத்துப்போனாள். கடைக்காரப் பெண் அக்கா காதில் ஒன்றை மாட்டிவிட்டு, பின்னால் போய் ஒரு காகிதத்தைக் கசக்கினாள். அக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் மகள் அங்கேயே அழுதுவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரப் பெண் மிஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். இதை நான் வாங்குகிறேன் என்று நீ கொடுத்த கார்டை எடுத்துக் கொடுத்தேன். கார்டு உன் கணக்கோடு சேர்ந்தது, ஆனால் பணம் என்னுடையது. என் சேமிப்பை உன் கணக்கில் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

கார்டு தேய்க்கிற மிஷின் ஒரு சீட்டைத் துப்பியது. அடியில் ஒரு கோடு, கையெழுத்துக்கு. வகுப்பைத் தவிர வேறு எங்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. முதல் கோடு. என் பெயரை முழுசாக, என் அப்பாவின் முதலெழுத்தையும் சேர்த்து, புள்ளி வைத்துப் போட்டேன். பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். நிற்கட்டும் என்று போட்டேன்.

அந்தப் பெண் கார்டைத் திருப்பினாள். பின்னால் வெள்ளைப் பட்டையில் கோழி கிளறின மாதிரி என்னவோ இருந்தது. சத்தியமாக அது நான் போட்டதில்லை. பாஸ்போர்ட்டைக் கேட்டாள். அதில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் என் கட்டைவிரல். ஒரே ஆளுக்குக் கட்டைவிரல் ஒன்று, கிறுக்கல் ஒன்று, பெயர் ஒன்று. அவள் பேங்குக்குப் போன் செய்தாள். பேங்கில் உன்னைக் கேட்டார்கள். அரை மணி கழித்து, கார்டைக் கத்தரிக்கோலால் என் கண் முன்னால் இரண்டாக வெட்டினாள். காவலாளி நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"எங்க அப்பாவுக்குக் கையெழுத்தே போடத் தெரியாது, அது எவனோ திருடன்" என்று நீ சொன்னாயாம்.

நீ கூப்பிட்டால் இனி நான் போனை எடுக்கமாட்டேன். எழுதத் தெரியாது என்று சொன்னாய் அல்லவா, இனிமேல் எழுத்தில்தான் பேச்சு. பேங்குக்குப் போய்ச் சொன்னதைத் திரும்ப வாங்கு. ஏப்ரல் முப்பது வரை மிஷினை வேறு யாருக்கும் விற்காமல் எடுத்து வைப்பார்களாம். மே பத்தோடு என் விசா முடிகிறது.

அப்பா
(கீழே இருப்பது என் கையெழுத்து. நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்.)


மார்ச் 12

அப்பா,

பதினான்கு தடவை கூப்பிட்டேன். கடைசியில் அத்தை மகள்தான் எடுத்தாள். "மாமா போனைத் தொடவே மாட்டேங்கறார், லெட்டர் போடச் சொல்றார்" என்று சிரிக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு. நான் கடைசியாக எழுதிய கடிதம் பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர்.

வங்கியிலிருந்து போன் வந்தபோது நான் ஒன்பதாவது மாடியில், லிப்ட் கூண்டின் மேல் நின்றுகொண்டிருந்தேன். கூண்டுக்குள் இரண்டு பேர் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் ஸ்பேனர். வெளிநாட்டில் உங்கள் அப்பாவின் கார்டில் பெரிய தொகை போயிருக்கிறது, வாங்குகிறவர் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கார்டில் இருப்பதோடு பொருந்தவில்லை, அது அவர்தானா என்று கேட்டார்கள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். எனக்கு நாற்பத்திரண்டு வயது. நீங்கள் பேனா பிடித்து நான் பார்த்ததே இல்லை. யாரோ உங்களைத் தள்ளிவிட்டுப் பையைப் பறித்துக்கொண்டான், மொழி தெரியாத ஊரில் எங்கேயோ விழுந்து கிடக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன். லிப்ட் மேல் நிற்கிறவன் ஸ்பேனரைக் கீழே போடக்கூடாது.

அந்தக் கோழிக் கிறுக்கல் என்னுடையது. வங்கி விண்ணப்பத்திலும் நான்தான் போட்டேன். ரேகை வைப்பது என்றால் உங்களை நேரில் கூட்டிவர வேண்டும், சாட்சி வேண்டும், மேனேஜர் பார்க்க வேண்டும் என்று ஆயிரம் சொன்னார்கள். வெளிநாட்டில் கையில் கார்டு இல்லாமல் நீங்கள் தவிக்கக்கூடாது என்று போட்டேன். உங்களுக்காக நான் கையெழுத்துப் போடுவது புதிதா? ஒன்பது வயதில் என் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் என்ற இடத்தில் நானேதான் போட்டேன். அம்மாவும் கைநாட்டுதான், வேறு யார் இருந்தார்கள் போட?

ஆனால் எட்டு மாதம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எட்டு மாதமாக வேலை முடிந்து, கையில் கிரீஸ் வாசனை போகாமல், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கரண்ட் பில் படித்தேன். மருந்துச் சீட்டு படித்தேன். வீட்டு வரி நோட்டீஸ் படித்தேன். நீங்கள் தெரியாதவர் மாதிரி தலையாட்டிக்கொண்டு கேட்டீர்கள். என்னை வைத்து வேடிக்கை பார்த்தீர்களா?

வங்கியில் போய் உண்மையைச் சொன்னால், விண்ணப்பத்தில் அடுத்தவர் கையெழுத்தைப் போட்டவன் நான் என்று ஆகிவிடும். அது குற்றம். அதனால் வேறு வழி செய்திருக்கிறேன். பழைய கார்டுக்குப் பதில் புதுக் கார்டு கேட்டிருக்கிறேன். வந்ததும் பின்னால் பழையபடி கிறுக்கி அனுப்புகிறேன். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அந்தக் கிறுக்கலை அதில் பத்துத் தடவை போட்டிருக்கிறேன். பார்த்துப் பழகிக்கொண்டு, கடையில் அதைப் போடுங்கள். விஷயம் முடிந்தது.


மார்ச் 22

கழுதைக்கு,

உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். உன் பத்துக் கிறுக்கலுக்கும் கீழே, எங்கள் வாத்தியாரம்மா எனக்குப் போடுகிற மாதிரி சிவப்பு மையில் "மோசம், திரும்ப எழுது" என்று போட்டிருக்கிறேன். சிவப்புப் பேனா வாங்க இரண்டு தெரு நடந்தேன்.

நாற்பது வருஷம் அடுத்தவன் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடித்த கை இது. நேர்க்கோடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடும். வளைக்கச் சொன்னால் மாடு மாதிரி நிற்கும். "ழ" மட்டும் மூன்று வாரம். என் பெயர் முதல் தடவை ஒழுங்காக வந்த அன்று அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்கினேன். எழுபத்தொரு வயதில் ஒருவன் தன் பெயரைக் கண்டுபிடித்திருக்கிறான், அதை விட்டுவிட்டு உன் கிறுக்கலைப் பழகு என்கிறாய். உனக்கு வெட்கமாக இல்லையா?

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொல்கிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் நான் முதலில் படித்தது என்ன தெரியுமா? பீரோவில் இருந்த அக்காவின் பழைய கடிதங்கள். நீ எனக்குப் படித்துக் காட்டியவைதான். "அத்தை நல்லா இருக்காங்களாம், எல்லாரையும் கேட்டாங்களாம்" என்று சொல்லி மடித்துவிடுவாய். அவ்வளவு பெரிய கடிதத்தில் இவ்வளவுதான் இருக்குமா என்று நான் நினைத்ததுண்டு.

நாலு கடிதத்தில் அவள் எழுதியிருக்கிறாள். காது மந்தமாகிக்கொண்டே வருகிறது தம்பி, முழுசாகப் போவதற்குள் உன் குரலைக் கேட்க வேண்டும், ஒரு தடவை வந்துவிட்டுப் போ. நாலு கடிதம். ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் படித்தேன். நீ ஒன்றில்கூட அதைப் படிக்கவில்லை.

முழுசாகப் போன பிறகு வந்திருக்கிறேன். அந்த மிஷினை மாட்டினால்தான் நான் பேசுவது அவளுக்குக் கேட்கும். இப்போது புரிகிறதா நீ எதை நிறுத்தி வைத்திருக்கிறாய் என்று?

அப்பா


மார்ச் 31

அப்பா,

ஆமாம். படிக்கவில்லை.

அந்தக் கடிதங்கள் வந்த இரண்டு வருஷமும் அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். நீங்கள் திருப்பிவிட்டால்தான் அவள் திரும்பிப் படுப்பாள். வேறு யார் தொட்டாலும் கத்துவாள். அதைப் படித்துக் காட்டியிருந்தால் நீங்கள் கிளம்பியிருப்பீர்கள், இல்லாவிட்டால் கிளம்ப முடியவில்லையே என்று வெந்திருப்பீர்கள். இரண்டையும் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அம்மா போன பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் இவ்வளவு நாள் மறைத்ததை எப்படிச் சொல்வது என்று ஆகிவிட்டது. தப்பு என்னுடையது. போதுமா?

ஆனால் நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. நான் மறைத்தேன் என்று தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து பில் கேட்டீர்களே, எதற்கு? இதிலாவது உண்மையைப் படிக்கிறானா என்று சோதித்தீர்களா? அப்படியென்றால் வாயைத் திறந்து கேட்டுவிட்டு நாலு அறை அறைந்திருக்கலாம். இது அதைவிட மோசம்.

புதுக் கார்டு வந்துவிட்டது. டிவி மேல் கிடக்கிறது. உங்கள் மருமகள் தூசி தட்டும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறாள். இன்னும் அதில் நான் எதுவும் கிறுக்கவில்லை. கிறுக்க வேண்டாம் என்றால் அனுப்பியும் பிரயோஜனம் இல்லை, விண்ணப்பத்தில் இருப்பதும் அந்தக் கிறுக்கல்தான்.

உங்கள் பணத்தை அத்தை மகள் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன். அவள் தன் கார்டில் வாங்கிக் கொடுக்கட்டும். பத்து நிமிஷ வேலை. கையெழுத்தா முக்கியம், அத்தைக்குக் காது கேட்பதா? கோபத்தில் கேட்கவில்லை. இல்லை, கோபத்தில்தான் கேட்கிறேன். பதில் சொல்லுங்கள்.


ஏப்ரல் 9

மகனுக்கு,

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய்.

உன் அம்மா விஷயம். நீ சொன்னபடியே நடந்திருக்கும். போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் வெந்திருப்பேன். ஆனால் அது என் வேக்காடு. என் அக்கா, என் பெண்டாட்டி, யாரிடம் இருப்பது என்று முடிவு செய்ய வேண்டியவன் நான். படிக்கத் தெரியாதவனுக்கு முடிவு செய்யவும் தெரியாது என்று நீ நினைத்தாய். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பில் விஷயம். முதல் வாரம் சோதித்தது உண்மைதான். நீ வருவதற்கு முன்பே பில்லை எடுத்து எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்வேன். ஒரு ரூபாய்கூட மாற்றிப் படிக்கவில்லை. சோதனை அதோடு முடிந்தது. பிறகும் ஏன் உட்கார்ந்தேன் என்றால், ஒரு நாளில் அந்தப் பத்து நிமிஷம்தான் நீ என் பக்கத்தில் உட்காருவாய். எனக்குப் படிக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டால் பில்லை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விடுவாய். இந்த நாலு வரி எழுத ஒரு மத்தியானம் ஆயிற்று. எழுத்து வராததால் இல்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அக்கா மகள் கார்டில் வாங்கலாம்தான். நீ சொல்வதற்கு முன்பே அவளும் சொல்லிவிட்டாள். அக்கா அந்த மிஷினைத் தொடமாட்டேன் என்கிறாள்.

அன்று கடையில் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். காதுதான் கேட்காது, கண் நன்றாகத் தெரியும். கத்தரிக்கோலைப் பார்த்தாள். காவலாளியைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து எழுதினாள்: "தம்பி, யார் கார்டை எடுத்துக்கிட்டு வந்தே?"

இத்தனை கஷ்டப்பட்டு நான் படிக்கக் கற்றது இதைப் படிக்கத்தானா?

நடந்ததை எல்லாம் எழுதிக் காட்டினேன். நம்பவில்லை, திருட்டுக் காசில் வாங்கினது வேண்டாம் என்கிறாள். அவள் மகள் எழுதிக் காட்டினாள். "நீ உன் மாமாவுக்குப் பரிஞ்சு பேசுவே" என்கிறாள். பத்து வயதில் எங்கள் அப்பா சட்டைப் பையிலிருந்து காசு எடுத்தவன்தான் நான். அதற்காக அடி வாங்கியவள் அவள். நான் எழுபது வயதைத் தாண்டியும் அவளுக்கு அது மறக்கவில்லை.

அதனால் நான் அந்தக் கடைக்கே போய், அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே, என் கார்டில் என் கையெழுத்தைப் போட வேண்டும். அக்கா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கு நீ எழுதின ஒரு காகிதமும் வேண்டும். திருடன் என்று சொன்னவன் நீ, இல்லை என்று சொல்ல வேண்டியவனும் நீ. உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாது என்று பொய் எழுதமாட்டேன். முப்பதாம் தேதிக்கு இருபத்தொரு நாள் இருக்கிறது.

அப்பா


ஏப்ரல் 18

அப்பா,

அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வங்கிக்குப் போனேன்.

கார்டு பிரிவில் ஒரு அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அப்பா பெயரில் நான் கிறுக்கினேன், அவருக்கு எழுதத் தெரியும், அது எனக்குத் தெரியாது, வெளிநாட்டில் கையெழுத்துப் போட்டது அவர்தான் என்று சொன்னேன். "முதல்ல தெரியாதுன்னீங்க, இப்ப தெரியும்ங்கறீங்க. எதைப்பா நம்பறது? அவர் எழுதுவார்ங்கறதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார்.

என்னிடம் இருந்த அத்தாட்சி உங்கள் மூன்று கடிதங்கள்தான். எடுத்து வைத்தேன்.

அந்த அம்மா படித்தார். இரண்டாவது கடிதத்தில் "கழுதைக்கு" என்று பார்த்ததும் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் வாய்விட்டே படித்தார். "மாடு மாதிரி நிற்கும்" வரைக்கும். வரிசையில் நின்ற ஆட்கள் எல்லாம் கழுதை யார் என்று எட்டிப் பார்த்தார்கள். நான் வேலை உடுப்பில், நெஞ்சில் கம்பெனிப் பெயரோடு நின்றேன். மூன்றாவது கடிதத்தை அந்த அம்மா தனியாகப் படித்தார். அதற்குச் சிரிக்கவில்லை. மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கழுதைக் கடிதத்துக்கு மட்டும் பிரதி எடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறார்கள். உங்கள் கையெழுத்துக்கு வங்கியிடம் இருக்கிற ஆதாரம் அதுதான். வங்கி இருக்கிற வரைக்கும் அது இருக்கும். சந்தோஷம்தானே?

நான் செய்ததற்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். இனிமேல் உங்களுக்காக நான் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியது, உங்க அப்பா லெட்டருக்காக விடுகிறேன் என்றார் அந்த அம்மா. இதைச் சொல்லிக் காட்டுவீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

கூரியரில் கார்டு வருகிறது. பின்பக்கத்தை நான் தொடவே இல்லை, வெறுமையாக இருக்கிறது. அத்தைக்கு ஒரு காகிதமும், கடைக்கு வங்கி கொடுத்த கடிதமும் இருக்கிறது. இதையும் படித்துக்கொள்ளுங்கள், படிக்கத்தான் தெரியுமே. கார்டு மிஷினில் நம் பணத்திலா அந்த ஊர்ப் பணத்திலா என்று கேட்டால் அந்த ஊர்ப் பணம் என்று சொல்லுங்கள், நம் பணம் என்றால் கூடுதலாகப் பிடிப்பார்கள். கார்டைக் கண்ணுக்கு மறைவாக யாரும் கொண்டுபோக விடாதீர்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிற கட்டைவிரலைப் பார்த்து மறுபடி ஏதாவது சொன்னால் வங்கிக் கடிதத்தைக் காட்டுங்கள். அவசரப்படாதீர்கள்.

எனக்கும் கோபம் ஆறவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தை வாயால் கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேனா?


ஏப்ரல் 27

மகனுக்கு,

நேற்று போனோம். அதே பெண், அதே காவலாளி. பேங்க் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, கார்டின் பின்னால் தன் முன்னாலேயே கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனா கொடுத்தாள். பட்டை ரொம்பச் சின்னது. என் பெயரோ நீளம். மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். அக்கா என் தோள் மேல் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கார்டு மிஷின் எந்தப் பணம் என்று கேட்டது. அக்கா மகள் படித்துச் சொன்னாள். இந்த ஊர்ப் பணம் என்றேன். சீட்டு வந்தது. அதிலும் போட்டேன். அந்தப் பெண் இரண்டையும் சேர்த்து வைத்து இப்படியும் அப்படியும் பார்த்தாள். நான் காவலாளியைப் பார்த்தேன். அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலையாட்டினாள். கார்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

அக்கா உன் காகிதத்தை முந்தாநாளே படித்துவிட்டாள். சாயங்காலம் என் சட்டையைத் துவைத்துப் போட்டாள். அவளுக்கு மன்னிப்புக் கேட்கிற வழி அதுதான்.

மிஷினைக் காதில் மாட்டிவிட்டார்கள். என்ன பேச வேண்டும் என்று ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்தேன். நாலு வரி மனப்பாடம். வாயைத் திறந்ததும் ஒரு வரிகூட வரவில்லை. "அந்தப் பய என்ன பண்ணினான் தெரியுமாக்கா" என்று ஆரம்பித்துவிட்டேன். ஆக, இத்தனை வருஷம் கழித்து என் குரலில் அவள் முதலில் கேட்டது உன்னைத் திட்டினதுதான்.

கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, "ஏன்டா கத்தறே, கேக்குது" என்றாள்.

வாயால் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். முப்பது வருஷத்துக்கு மேலாக எல்லாவற்றையும் உன்னிடம் கேட்டே வாங்கினேன். இதைப் படி, அதைப் படி, இங்கே என்ன எழுதியிருக்கிறது என்று. உட்கார் என்பதையும் கேட்டு வாங்க வேண்டுமா? அது ஒரு கோபம். அந்த நாலு கடிதத்துக்கு ஒரு கோபம். அரை நாள் சம்பளத்தை எனக்குச் சொல்லிக் காட்டினாயே, அதற்கு ஒன்று. எழுதினால் இன்னும் இரண்டு பக்கம் வரும். ஆனால் என் வேகத்துக்கு அதை எழுதி முடிப்பதற்குள் விமானம் போய்விடும். மே ஒன்பது, காலையில் வந்து இறங்குகிறேன். மீதியை நேரில் வாயாலேயே திட்டிக்கொள்கிறேன். மருமகளையோ வாடகைக் காரையோ அனுப்பாதே. லீவு போட்டுவிட்டு நீ வா.

அப்பா